கோஸ்டா மாயாவில் ‘மாயா கிராம வாழ்க்கை’ கரைச்சுற்றுலா: போகலாமா, வெறும் நாடகமா?

கார்த்தி_ஹூஸ்டன்

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசியில் கால்வெஸ்டனிலிருந்து குடும்பத்தோடு கப்பலில் போகிறோம். மெக்சிகோவின் கோஸ்டா மாயா, பெலீஸ், மறுபடி மெக்சிகோவின் கோசுமெல் என்று மூன்று இடங்களில் நிற்கும். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. அம்மா சுத்த சைவம், முட்டைகூட இல்லை. பையன் ஆறாம் வகுப்பு. மாயா பிரமிடு, நாட்காட்டி என்று படித்துத் தள்ளுகிறான்.

கோஸ்டா மாயாவில் கப்பல் வழியாகவே பதிவு செய்யும் சுற்றுலா ஒன்று இருக்கிறது. காலையில் பஸ், சாக்சோபென் இடிபாடுகள், அப்புறம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு மாயா குடும்பத்தின் வீடு. அங்கே சோளம் அரைத்து ரொட்டி சுட்டுக் காட்டுவார்களாம், தேன் சுவைக்கலாமாம், மதியச் சாப்பாடும் உண்டாம்.

எனக்கு ஆசை. மனைவிக்குச் சங்கடம். “நம் ஊர் வீட்டு முற்றத்தில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கி, உங்கள் அம்மா மாவு அரைப்பதைப் படம் பிடித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?” என்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

நீலா_டாலஸ்

கார்த்தி, முதலில் நடைமுறை விஷயங்கள்.

கப்பல் நிற்கும் துறைமுகத்துக்குத்தான் கோஸ்டா மாயா என்று பெயர். உண்மையான ஊர் மஹாவால், பக்கத்திலேயே இருக்கிறது, டாக்ஸியில் சில நிமிடம். சாக்சோபென் அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம், பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வழி முழுக்கச் சமதளமான காடு, பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் அப்பா பஸ்ஸில் தூங்கிக்கொள்ளலாம்.

இடிபாடுகளுக்குள் பாதை மண்ணும் சரளையுமாக இருக்கும், மர வேர்கள் தட்டும். ஆனால் நல்ல நிழல். கடற்கரையில் இருக்கும் துலூம் இடிபாடுகள் மாதிரி மொட்டை வெயில் இல்லை. பிரமிடு மேல் ஏற இப்போது அனுமதி கிடையாது, அதனால் ‘எல்லோரும் ஏறினார்கள், நான் மட்டும் கீழே’ என்ற வருத்தம் அப்பாவுக்கு வராது. பெரிய மேடைப் பகுதிக்கு மட்டும் கொஞ்சம் படி உண்டு. அதை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தாலே போதும். கொசு மருந்து கட்டாயம்.

நேரம் பற்றி ஒரு எச்சரிக்கை. கோஸ்டா மாயா இருக்கும் கிந்தானா ரோ மாநிலம் 2015 பிப்ரவரியில் தன் நேரத்தை மாற்றிக்கொண்டு ஆண்டு முழுக்க ஒரே நேரத்தில் இருக்கிறது. டிசம்பரில் ஹூஸ்டன் நேரத்தைவிட அங்கே ஒரு மணி நேரம் முன்னே. கால்வெஸ்டன் கப்பலுக்கு இது ஆபத்தில்லை, சீக்கிரம் வந்து நிற்பீர்கள், அவ்வளவுதான். கோடையில் ஃபுளோரிடாவிலிருந்து போகிறவர்களுக்குத்தான் கண்டம்: கப்பலில் மணி நான்கு, கைபேசியில் மூன்று. சில கப்பல்கள் கடிகாரத்தைத் திருப்பும், சில திருப்பாது. யாராவது ஒருவர் கையில் கப்பல் நேரம் காட்டும் சாதாரண வாட்ச் கட்டிக்கொள்ளுங்கள்.

சுண்டல்_மாமா

நான் வேண்டாம் கட்சி. அந்த ஊருக்குப் போயிருக்கிறேன். கீற்றுக் குடிசை, வெள்ளைச் சட்டையில் பூவேலை, அடுப்புப் புகை, எல்லாம் கச்சிதமாக இருந்தது. குடிசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் சிமென்ட் வீடு, கூரையில் தொலைக்காட்சித் தட்டு, வாசலில் மோட்டார் சைக்கிள். அப்போதே எனக்கு விட்டுப்போயிற்று. இன்னொரு பஸ் வந்ததும் அதே அம்மா அதே சோளத்தை மறுபடி அரைக்க ஆரம்பித்தார்.

துறைமுகத்தில் இன்னும் கூத்து. உயரமான கம்பத்தில் கயிறு கட்டித் தலைகீழாகச் சுழன்று இறங்குவார்கள். எல்லோரும் “ஆகா, மாயா சடங்கு” என்று படம் எடுக்கிறார்கள். அது வெராக்ரூஸ் பக்கத்து தொதொனாக் மக்களுடைய சடங்கு. 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மாயாக்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கடற்கரையில் நாற்காலி போட்டுப் படுங்கள், அது குறைந்தபட்சம் பொய்யில்லை.

அடுப்படி_அகிலா

மாமா, கம்பச் சடங்கு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் சிமென்ட் வீடு இருந்தால் அவர்கள் மாயா இல்லையா? உங்கள் வீட்டில் கிரைண்டர் இருக்கிறதே.

சுண்டல்_மாமா

கிரைண்டரை ஒளித்து வைத்துவிட்டு ஆட்டுக்கல்லைக் காட்டி நான் டிக்கெட் விற்கவில்லையே அம்மா.

அகழ்வன்

இந்தச் சண்டை நல்ல சண்டை. அதற்குள் கொஞ்சம் வரலாறு போடுகிறேன், கார்த்தியின் பையனுக்கும் உதவும்.

சாக்சோபெனில் கி.மு. காலத்திலிருந்தே ஆட்கள் குடியிருந்தார்கள். இப்போது நாம் பார்க்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை கி.பி. 700-க்கு முன்னே எழுந்தவை. பிறகு நகரம் கைவிடப்பட்டாலும் யாரோ வந்து வழிபட்டுப் போயிருக்கிறார்கள். பிற்காலத்துத் தூபக் கலங்கள் கிடைத்திருக்கின்றன. 1940-களில் நிலம் தேடி வந்த ஒரு மாயா விவசாயி இந்த மேடுகளுக்கு அருகிலேயே குடும்பத்தோடு வாழ்ந்திருக்கிறார். 1972-இல் பீட்டர் ஹாரிசன் என்ற தொல்லியலாளர் பதிவு செய்ததைத்தான் ‘கண்டுபிடிப்பு’ என்று எழுதுகிறார்கள். பொதுமக்களுக்குத் திறந்தது 2002. துறைமுகம் தொடங்கியது 2001. இந்த இரண்டு ஆண்டுகளும் தற்செயலாக அடுத்தடுத்து வந்தன என்று நான் நம்பவில்லை.

வழிகாட்டிகளில் சிலர் “மாயாக்கள் மர்மமாக மறைந்துபோனார்கள்” என்று இன்னும் சொல்கிறார்கள். தெற்குப் பகுதி நகரங்கள் ஒன்பதாம் நூற்றாண்டில் சரிந்தது உண்மை. வறட்சி, ஓயாத போர், அரசர்கள் மேல் நம்பிக்கை போனது என்று பல காரணம் சொல்வார்கள். ஆனால் வடக்கே சிச்சென் இட்சா நகரம் இருந்தது, பிறகு மாயாபான் நகரம் இருந்தது. கடைசி மாயா அரசான நோஹ்பெத்தென் ஸ்பானியர்களிடம் விழுந்தது 1697-இல்தான். இன்றைக்கு மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ் எல்லாம் சேர்த்து அறுபது லட்சத்துக்கும் மேல் மாயா மக்கள் இருக்கிறார்கள். நீங்கள் போகும் யுகடான் தீபகற்பத்தில் பேசும் யுகடெக் மாயா மொழியை மட்டும் 2020 கணக்கெடுப்பின்படி மெக்சிகோவில் சுமார் 7.7 லட்சம் பேர் பேசுகிறார்கள்.

மறத்தமிழன்_01

படிக்கட்டுப் பிரமிடைப் பார்த்தால் நம் கோபுரம் மாதிரியே இருக்கிறதே! மயன் கட்டியதுதான் எல்லாம். இதை ஏன் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

அகழ்வன்

எதிர்பார்த்தேன். தம்பி, கோபுரம் என்பது ஆள் உள்ளே போகும் வாசல். மாயா பிரமிடு உள்ளே கூடம் இல்லாத மேடு: கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பி, வெளியே சுண்ணாம்புக் கல் போர்த்தி, உச்சியில் சின்னக் கோயில் வைப்பார்கள். புது அரசன் வந்தால் பழையதை இடிக்காமல் அதன் மேலேயே பெரிதாக ஒன்றைக் கட்டிவிடுவான். அதனால் ஒன்றைத் தோண்டினால் உள்ளே இன்னொன்று வரும்.

அப்புறம், இது ஊகிக்க வேண்டிய விஷயமும் இல்லை. அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1562-இல் மானி என்ற ஊரில் தியேகோ தே லாந்தா என்ற பாதிரியார் அவர்களுடைய சுவடிகளைக் குவித்து எரித்தார். தப்பியவை நான்கே நான்கு. ஆனால் கல்லில் வெட்டியவற்றை எரிக்க முடியவில்லை. 1952-இல் சோவியத் அறிஞர் யூரி குனோரோசோவ் அந்த எழுத்து ஒலியையும் குறிக்கிறது என்று காட்டிய பிறகு, அரசர்களின் பிறப்பு, பட்டமேற்பு, போர், பிடிபட்ட எதிரி எல்லாவற்றையும் வாசிக்கிறார்கள். அதில் தமிழ்நாட்டிலிருந்து யாரும் வந்ததாக இல்லை. அந்தக் கட்டடங்களைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது, நாம் போய் உரிமை கொண்டாடுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நெறியாளர்

மயன் விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, எட்டு ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து அங்கே தொடருங்கள். இங்கே பயணம் மட்டும்.

அடுப்படி_அகிலா

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். கார்த்தியின் அம்மாவுக்காக.

யுகடான் சமையலில் பன்றிக் கொழுப்பு எங்கும் இருக்கும். கறுப்பு பீன்ஸ் பார்க்கச் சைவம், ஆனால் கொழுப்பில் வதக்கியிருப்பார்கள். உள்ளே பீன்ஸ் வைத்துப் பொரிக்கும் பனுச்சோவும் அப்படித்தான். “சின் மாந்தேக்கா” என்று கேளுங்கள், கொழுப்பு இல்லாமல் என்று பொருள். சாதத்தைக் கோழிச் சாற்றில் வடிப்பதும் உண்டு, அதையும் கேட்க வேண்டும். முன்பதிவின்போதே கப்பல்காரர்களிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். நம்பிச் சாப்பிடக்கூடியவை: கல்லில் சுட்ட தொர்த்தியா என்ற சோள ரொட்டி, பூசணி விதையை வறுத்து அரைத்துத் தக்காளியோடு சேர்க்கும் சிகில் பாக், அவகாடோ, பழங்கள். சாயா என்று ஒரு கீரை தருவார்கள். அருமையாக இருக்கும், வேகவைத்ததுதானா என்று மட்டும் பாருங்கள், பச்சையாகச் சாப்பிடக் கூடாத கீரை அது. ஹபனேரோ மிளகாயிடம் வீரம் காட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவையுங்கள்.

இனி அந்தச் சோளம் அரைக்கும் காட்சி. சுற்றுலாவில் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். எனக்கென்னவோ அந்த நாளிலேயே பெரிய விஷயம் அதுதான் என்று படுகிறது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் கொதிக்கவைத்து இரவு முழுக்க ஊறவிடுவார்கள். தோல் கழன்றுவிடும், மாவு ஒட்டிக்கொள்ளும் பதத்துக்கு வரும். அதைவிட முக்கியம், சோளத்தில் பிடிபட்டுக் கிடக்கும் நியாசின் என்ற சத்து இப்படிச் செய்தால்தான் உடம்பில் சேரும். சுண்ணாம்பிலிருந்து கால்சியமும் ஏறும். ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் எடுத்துப் போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலிய ஏழைகளுக்கும், பிறகு அமெரிக்கத் தென்மாநில ஏழைகளுக்கும் பெல்லாக்ரா நோய் வந்து தோல் உரிந்தது, புத்தி பேதலித்தது, செத்தார்கள். இங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக யாரோ ஒரு பாட்டி அடுப்படியில் செய்துவந்த வேலை அது.

மாமா சொன்ன கிரைண்டருக்கு வருகிறேன். இன்றைக்கு அந்தக் கிராமங்களில் யாரும் தினமும் கல்லில் அரைப்பதில்லை. ஊறவைத்த சோளத்தை வாளியில் எடுத்துக்கொண்டு ஊர் மில்லுக்குப் போவார்கள், அதற்கு ‘மொலினோ’ என்று பெயர். பலர் கடையில் சுட்ட தொர்த்தியாவே வாங்குகிறார்கள். உங்கள் மனைவியின் சங்கடத்துக்கு என் யோசனை இதுதான்: அந்த அம்மாவிடம் படம் கேட்காதீர்கள், கேள்வி கேளுங்கள். மில் எங்கே, எவ்வளவு கூலி, சுண்ணாம்பு எங்கே வாங்குகிறீர்கள் என்று உங்கள் அம்மா கேட்டால் பேச்சு தானாக ஓடும். மொழிபெயர்க்க வழிகாட்டி இருப்பார்.

செல்வி_டொரோண்டோ

அகிலா அக்கா சொன்னது சரி. நாங்கள் கப்பலில் போகேல்லை, கான்கூனில் கார் எடுத்துக்கொண்டு தெற்கே போனோம். ஃபெலிபே கரியோ புவெர்த்தோ என்ற ஊரில் தங்கி அங்கத்தைய சனத்தோடு கதைத்தோம். கப்பல் சுற்றுலாவில் இந்த ஊரின் பேரே வராது. ஆனால் கிந்தானா ரோ மாயாக்களின் கதை அங்கேதான் இருக்குது.

1847-இல் யுகடான் மாயாக்கள் நிலத்துக்காகவும் வரிக்கு எதிராகவும் எழும்பினார்கள். முழுத் தீபகற்பத்தையும் பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். பிறகு பின்வாங்கி இந்தக் கிழக்குக் காட்டுக்குள் வந்தார்கள். 1850-இல் ஒரு கிணற்றுக்குப் பக்கத்தில் சிலுவை ஒன்று அவர்களோடு பேசினதாம், போரை விடாதே என்று. அந்தச் சிலுவையைச் சுற்றி ஊர் எழுப்பி, சான் சாந்தா குரூஸ் என்று பெயர் வைத்து, அரை நூற்றாண்டு மெக்சிகோவுக்கு அடங்காமல் இருந்தார்கள். பக்கத்துப் பிரிட்டிஷ் ஹொண்டுராசில், அதாவது இப்போதைய பெலீஸில், துவக்கு வாங்கினார்கள். 1893-இல் பிரிட்டனும் மெக்சிகோவும் எல்லை ஒப்பந்தம் போட்டதும் அந்த வழி அடைபட்டது. 1901-இல் ஜெனரல் பிராவோவின் படை ஊரைப் பிடித்தது. அதுதான் இன்றைய ஃபெலிபே கரியோ புவெர்த்தோ. சிலுவைக் கோயில்களுக்கு முறை வைத்துக் காவல் இருக்கிற வழக்கம் அந்தப் பக்கக் கிராமங்களில் இன்னும் இருக்குது.

கார்த்தியின் மகன் பிரமிடு கட்டின அரசர்களைப் படிக்கிறான், நல்லது. அவன் பார்க்கப்போகிற குடும்பத்தின் கொள்ளுப்பாட்டி காலத்துக் கதையையும் படிக்கட்டும். சுற்றுலாக்காரர் 700-ஆம் ஆண்டிலிருந்து நேரே பாய்ந்து இன்றைய தொர்த்தியாவுக்கு வந்துவிடுவார்கள். நடுவில் ஆயிரத்து முந்நூறு ஆண்டு எங்கே போனது?

அகழ்வன்

செல்வி, அருமை. ஒன்று சேர்க்கிறேன். சாக்சோபென் பக்கம் இப்போது இருப்பவர்கள் எல்லோரும் அந்தப் பழைய நகரத்தின் நேர் வாரிசுகள் என்று நினைக்க வேண்டாம். இந்தத் தெற்குப் பகுதி நெடுங்காலம் ஏறக்குறைய ஆளில்லாத காடு. இருபதாம் நூற்றாண்டில்தான் யுகடானிலிருந்தும், பின்னால் வெராக்ரூஸ், சியாப்பாஸ் பக்கமிருந்தும் வந்து குடியேறினார்கள். கிராம நிலம் பெரும்பாலும் ‘எஹீடோ’: மெக்சிகோ புரட்சிக்குப் பிறகு ஊருக்குப் பொதுவாக அரசு கொடுத்தது. 1992-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு அதை விற்கவும் வழி வந்தது. கடற்கரைப் பக்கம் அதனால் என்ன நடந்தது என்பதைத் துலூம் போனவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். அந்தக் காட்டுக்குள் ஆட்களை இழுத்தது சப்போட்டா மரம். ஆமாம், நம் தோட்டத்துச் சப்போட்டாவேதான், அதன் சொந்த ஊர் அந்தப் பக்கம். மரத்தில் குறுக்கும் மறுக்குமாக வெட்டினால் பால் வடியும். அதைக் காய்ச்சினால் சிக்லே, அந்தக் காலத்துச் சூயிங்கம். அமெரிக்கர்கள் மென்று துப்புவதற்காக மழைக்காலம் முழுக்க ஆட்கள் கயிற்றில் தொங்கி மரம் ஏறினார்கள். காட்டில் புதைந்திருந்த பல இடிபாடுகளை முதலில் பார்த்தவர்களும் அவர்கள்தான். சாக்சோபெனில் பட்டையில் பழைய வெட்டுத் தழும்போடு மரம் இருந்தால் காட்டச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள். கூடவே மேலே குரல் கேட்டால் பயப்பட வேண்டாம், ஊளைக் குரங்கு. உருவம் சின்னது, சத்தம்தான் புலி மாதிரி.

சுண்டல்_மாமா

எல்லாம் சரி அறிஞர்களே, பணம் யாருக்குப் போகிறது? பெரியவருக்கு நூறு டாலரை நெருங்கும் கட்டணம் வாங்குகிறார்கள். அதில் அந்த வீட்டுக்கு எவ்வளவு? கேட்டேன், வழிகாட்டி சிரித்தார்.

நீலா_டாலஸ்

நியாயமான கேள்வி. கப்பல் ஒரு பங்கு எடுக்கும், துறைமுகத்து ஏற்பாட்டாளர் ஒரு பங்கு, பஸ், வழிகாட்டி, நுழைவுச்சீட்டு. மிச்சம்தான் வீட்டுக்கு. அதனால் அந்த வீட்டில் கையில் கொடுக்கும் அன்பளிப்பும், அங்கேயே வாங்கும் பொருளும் முக்கியம். பெசோவாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகக் கடைகளில் குவிந்திருக்கும் பிரமிடு பொம்மையை விட்டுவிட்டு, அங்கே கையால் தைத்த பூவேலைத் துணியோ ஊஞ்சல் படுக்கையோ வாங்கலாம். பேரம் பேசுவது உங்கள் விருப்பம், நான் பேசுவதில்லை. குழந்தைகளுக்கு மிட்டாய், பேனா என்று கொடுக்காதீர்கள், பஸ்ஸைப் பார்த்துக் கை நீட்டும் பழக்கம் அதில்தான் தொடங்குகிறது.

‘போகாமல் இருந்தால் அவர்களுக்கு நல்லது’ என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2007 ஆகஸ்ட் 21 அன்று டீன் புயல் ஐந்தாம் வகை வேகத்தில் மஹாவால் அருகிலேயே கரை ஏறியது. துறைமுகம் நொறுங்கி, அடுத்த ஆண்டுதான் கப்பல்கள் திரும்பின. 2020 மார்ச்சில் கொரோனா வந்து ஓராண்டுக்கும் மேல் ஒரு கப்பல்கூட இல்லை. இரண்டு தடவையும் அங்கே என்ன பாடு பட்டார்கள் என்று டாக்ஸிக்காரரிடம் கேளுங்கள், பக்கம் பக்கமாகச் சொல்வார்.

செல்வி_டொரோண்டோ

ஆனால் நீலா, ஒரே ஒரு வருமானத்தில் ஊர் முழுக்கத் தொங்குவதும் ஆபத்துதானே. 2024 அக்டோபரில் ராயல் கரீபியன் நிறுவனம் அந்தத் துறைமுகத்தை வாங்கி, பெரிய நீர்விளையாட்டுப் பூங்கா கட்டப்போவதாக அறிவித்தது. பயணிகள் அங்கேயே விளையாடிவிட்டுத் திரும்பிக் கப்பலேறினால், கிராமத்துக்கு ஆர் வருவினம்?

நீலா_டாலஸ்

அதுதான் கவலை. மறுக்க மாட்டேன்.

கார்த்தி_ஹூஸ்டன்

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மனைவி முழு இழையையும் படித்துவிட்டாள். “கேள்வி கேட்கப் போவதானால் வருகிறேன்” என்றாள். பதிவு செய்துவிட்டோம். திரும்பி வந்து எழுதுகிறேன்.

கார்த்தி_ஹூஸ்டன்

புத்தாண்டு வாழ்த்துகள். போய் வந்தோம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடிபாடுகள் அழகு. கோஹூன் பனை நடுவே திடீரென்று பெரிய பிரமிடு எழுந்து நிற்கிறது. முதல் மேடை வரை அப்பாவும் மெதுவாக நடந்தார், அப்புறம் ஒரு மர நிழலில் அமர்ந்துகொண்டார். சில சுவர்களில் பழைய சிவப்புச் சாயம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அந்தக் காலத்தில் முழுக் கட்டடமும் சிவப்பாக இருந்திருக்கும் என்று வழிகாட்டி சொன்னதும் பையன் தன் வரைபடத்தில் எல்லாவற்றையும் மறுபடி வண்ணம் தீட்டத் தொடங்கினான். வழிகாட்டி நல்லவர், ஆனால் பேச்சில் பாதி, மாயா நாட்காட்டிப்படி 2012-இல் உலகம் அழியும் என்று கிளம்பிய புரளி பற்றியே. அந்தத் தேதியில் நாட்காட்டியின் ஒரு பெரும் சுற்று முடிந்தது, அவ்வளவுதான் என்று அவரே கடைசியில் சொன்னார். பிறகு எதற்கு அந்த இழுவை என்று தெரியவில்லை.

கிராமத்து வீடு. சுண்டல் மாமா சொன்னது அப்படியே இருந்தது: முன்னால் முனைகள் வளைந்த கீற்று வீடு, பின்னால் சிமென்ட் வீடு. வீட்டு அம்மா எதையும் மறைக்கவில்லை. எங்கள் அம்மா மில் பற்றிக் கேட்டதும் சிரித்துக்கொண்டே தெருக்கோடியைக் கை காட்டினார். கல்லில் அரைப்பது உங்களுக்காகத்தான், என் பாட்டியிடம் கற்றேன், என் மகளுக்குத் தெரியாது என்றார். அப்புறம் இருவரும் சேர்ந்து தொர்த்தியா தட்டினார்கள். அம்மா தட்டியது வட்டமாக வந்தது, அவர் அதை மற்ற பஸ்காரர்களுக்கும் தூக்கிக் காட்டினார். மனைவி ஒரு படம்கூட எடுக்கவில்லை. கிளம்பும்போது வீட்டு அம்மாவே எங்கள் கைபேசியை வாங்கித் தன் மகளிடம் கொடுத்து எல்லோரையும் எடுக்கச் சொன்னார்.

பீன்ஸ் கொழுப்பில் செய்ததுதான். முன்பே சொல்லியிருந்ததால் அம்மாவுக்குத் தனியாகச் சாயாக் கீரையும் பூசணி விதைத் துவையலும் கிடைத்தன. அகிலா அக்காவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

அப்பா போனது வீட்டுக்காரரோடு பின்பக்கச் சோளக் கொல்லைக்கு. கதிர் முற்றியதும் தட்டையைப் பாதியில் மடக்கிவிட்டிருந்தார்கள், கதிர் தலைகீழாகத் தொங்கிக் காய்கிறது. மழை உள்ளே இறங்காது, பறவையும் அதிகம் கொத்தாது, தேவைப்படும்போது ஒடித்துக்கொள்ளலாம். அதோடு சேர்த்தே அவரையும் பூசணியும் விதைக்கிறார்கள். ஆற்றுப் பாசனம் கிடையாது, சுண்ணாம்புப் பாறை, தண்ணீர் எல்லாம் கீழே இறங்கிவிடும், மழையை நம்பித்தான் எல்லாம். அப்பா விவசாயக் குடும்பம். மொழியே தெரியாமல் இருவரும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வழிகாட்டி வந்து மொழிபெயர்த்தபோது கேட்டது: அவருடைய இரண்டு மகன்களும் ப்ளாயா தெல் கார்மென் ஹோட்டல்களில் வேலை, நிலத்துக்கு வர மாட்டேன் என்கிறார்களாம். அப்பா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பிடிக்காதது ஒன்று. கடைசியில் இறகுத் தலைப்பாகை வைத்த ஒருவர் வந்து தூபம் காட்டி எல்லோரையும் ‘ஆசீர்வதித்தார்’, பிறகு உண்டியல். வீட்டுக்காரர்கள் யாரும் அதில் கலந்துகொள்ளவில்லை, பாத்திரம் கழுவப் போய்விட்டார்கள்.

சுண்டல்_மாமா

அந்த இறகுக்காரர் எனக்கும் ஆசீர்வாதம் செய்தார். முழங்கால் வலி போகவில்லை.

ஆனால் கதிர் மடக்கும் விஷயம் எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அகழ்வன்

உண்மையான சடங்கு அந்தக் கிராமங்களில் உண்டு மாமா, சுற்றுலாவுக்கு வராது. மழை பொய்த்தால் ‘சாச்சாக்’ செய்வார்கள். பச்சைக் கிளைகளை வளைத்து மேடை, நடுவில் சிலுவை, சோளக் கஞ்சி, மண் அடுப்பில் புதைத்துச் சுட்ட ரொட்டிகள். மேடையின் நான்கு மூலைகளிலும் சிறுவர்கள் குந்தி உட்கார்ந்து தவளை மாதிரிக் கத்துவார்கள். நடத்துபவர் ‘ஹ்மென்’, பெரும்பாலும் தொப்பி போட்ட சாதாரண விவசாயி. இறகு ஒன்றும் இருக்காது.

அடுப்படி_அகிலா

கார்த்தி, தேன் சுவைத்தீர்களா? அதைப் பற்றி எழுதவே இல்லையே.

கார்த்தி_ஹூஸ்டன்

மறந்துவிட்டேன் அக்கா. கொட்டாத தேனீயாம், மரத்துண்டைக் குடைந்து இரு பக்கமும் மண் பூசி அடைத்து வளர்க்கிறார்கள். தேன் தண்ணீராக இருந்தது, லேசான புளிப்பு. சின்னப் பாட்டிலுக்கே நல்ல விலை. ஒன்று வாங்கி, திரும்பும்போது சுங்கப் படிவத்தில் எழுதிவிட்டோம், பிரச்சினை இல்லை.

செல்வி_டொரோண்டோ

விலை ஏன் என்றால், அந்தத் தேனீயின் ஒரு கூட்டில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான் வரும். அதைக் கண்ணுக்கும் புண்ணுக்கும் மருந்தாக வைத்திருப்பார்கள். இந்தத் தேனீக்குப் பின்னால் ஒரு வழக்கும் இருக்குது. பக்கத்துக் காம்பேச்சே மாநிலத்தில் ஹொபெல்சென் பகுதியில் மரபணு மாற்றிய சோயாவுக்காகக் காட்டை வெட்டினார்கள். லெய்டி பெச் என்ற மாயா பெண், இதே தேனீ வளர்ப்பவர், ஊர்ப் பெண்களைக் கூட்டி வழக்குக்குப் போனார். பழங்குடிச் சமூகங்களைக் கேட்காமல் அனுமதி கொடுத்தது தவறு என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2017-இல் அனுமதி ரத்தானது. 2020-இல் அவருக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. மகனின் ப்ராஜெக்டில் இவர் படத்தையும் ஒட்டச் சொல்லுங்கோ.

புதியவன்_டாம்பா

முழு இழையும் படித்தேன், அருமை. எங்கள் கப்பல் கோஸ்டா மாயாவில் நிற்காது, பெலீஸ் மட்டும்தான். அங்கே இதுபோல் என்ன பார்க்கலாம்? கைக்குழந்தை உண்டு.

நீலா_டாலஸ்

பெலீஸ் சிட்டியில் பெரிய கப்பல் கரைக்கு வராது, தள்ளி நின்று சிறு படகில் கூட்டிப் போவார்கள். போக வர அதற்கே நேரம் போகும், குழந்தையோடு அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அருகில் இருப்பது அல்துன் ஹா, பஸ்ஸில் ஒரு மணி நேரம். 1968-இல் அங்கே ஒரு கல்லறையில் சூரியக் கடவுளின் தலை கிடைத்தது, ஒரே பச்சைக்கல்லில் செதுக்கியது, நான்கு கிலோவுக்கு மேல். அங்குள்ள கோயில்தான் பெலிகின் பீர் பாட்டிலின் மேல் இருக்கும் படம். லமனாய் இன்னும் அழகு, ஆற்றில் படகில் போக வேண்டும், முதலை பார்க்கலாம், ஆனால் நாள் முழுக்க ஆகிவிடும். கைக்குழந்தை என்றால் அல்துன் ஹா போதும்.

கிராம வாழ்க்கைதான் வேண்டும் என்றால், தெற்கே தொலேடோ மாவட்டத்தில் மொபான், கெக்சி மாயாக்களின் ஊர்கள் இருக்கின்றன, கொக்கோத் தோட்டம், வீட்டிலேயே சாக்லேட் அரைப்பது எல்லாம் உண்டு. பெலீஸ் சிட்டியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாது. ஹார்வெஸ்ட் கே என்ற தீவில் நிற்கும் கப்பல்களிலிருந்து போகலாம். உங்கள் கப்பல் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள், அதைப் பொறுத்து மேலே எழுதுகிறேன்.